ஓவிய ஆசிரியர்களுக்கு, பறவைக் கோலா பற்றி

அன்புள்ள ஓவிய ஆசிரியர்களுக்கு,

ராமநாதபுரத்தில் உங்களுக்கு நடந்த பயிற்சி முகாமில் என் படங்கள் சிலவற்றையும் சுவரில் மாட்டியிருந்தார்கள். ரயில் பாலத்துக்கு மேலே மீன் கூட்டம் பறக்கிற படம், சேலை கட்டிய பெண் கடலடியில் பாசி பறிக்க, பக்கத்திலேயே கடல் பசு புல் மேய்கிற படம், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு கடல்களின் படம். பார்த்த பலரும் ஒன்றையேதான் கேட்டீர்கள்: "சார், இப்படியெல்லாம் கற்பனை பண்ண எங்கே கத்துக்கிட்டீங்க?" சிலர் அதோடு விடாமல், "நம்ம பிள்ளைங்க இப்படி வரைஞ்சா மார்க் போட முடியுமா?" என்றும் கேட்டீர்கள். சாப்பாட்டு இடைவேளையில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. இரண்டாவது கேள்வி என்னை விடவும் இல்லை. அதனால்தான் எல்லாருக்கும் பொதுவாக இந்த மடல்.

முதல் கேள்விக்கு உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் படங்களில் கற்பனை ரொம்பக் குறைவு. பாம்பனில் பிறந்தவன் நான். கண்ணால் பார்த்ததையும் வீட்டில் கேட்டதையும் கொஞ்சம் இடம் மாற்றி வைக்கிறேன், கொஞ்சம் அளவைக் கூட்டுகிறேன். அவ்வளவுதான் என் கைவேலை.

பறக்கும் மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். பறவைக் கோலா என்று கடற்கரையில் எந்தச் சிறுவனைக் கேட்டாலும் சொல்வான். துரத்துகிற பெரிய மீனிடமிருந்து தப்ப, வாலின் கீழ்ப்பகுதியால் தண்ணீரை வேகவேகமாக அடித்து மேலே எழும்பும். எழும்பியதும் பக்கத்துத் துடுப்புகள் இரண்டையும் இறக்கையாக விரித்து மிதந்து போகும். 2008இல் ஜப்பானையொட்டிய கடலில் ஒரு கோலா, வாலால் அவ்வப்போது தண்ணீரைத் தட்டியபடி, 45 வினாடி பறந்து போனதைப் படம் பிடித்திருக்கிறார்கள். சோழமண்டலக் கரையில் கோலா பிடிக்க ஒரு பழைய வழி உண்டு. தழைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கடலில் மிதக்கவிடுவார்கள். முட்டையிட இடம் தேடி வரும் கோலாக் கூட்டம் அந்தத் தழையை மொய்க்கும். நடுக்கடலில் மரக்கிளையைத் தேடி வரும், இறக்கை விரிக்கும் மீன். இதற்கு மேல் நான் என்ன கற்பனை செய்துவிட முடியும்? அலைக்குச் சற்று மேலே போகிற மீனைப் பாலத்து உயரத்துக்கு ஏற்றினேன். என் பங்கு அந்த உயரம் மட்டும்தான்.

பாலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் கப்பல் வந்தால் ஆட்கள் நெம்புகோலைச் சுற்றிச் சுற்றித் தண்டவாளத்தை இரண்டாகப் பிரித்துத் தூக்குவார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. ரயில் பாதை எழுந்து நின்று கப்பலுக்கு வழி விடுகிற ஊரில் வளர்கிற பிள்ளைக்கு, எது நடக்கும் எது நடக்காது என்கிற கணக்கு மற்ற ஊர்ப் பிள்ளைகளைப் போல இருக்காது.

இரண்டு கடல்களின் படத்துக்கு வருகிறேன். அதைப் பார்த்துத்தான் நீங்கள் அதிகம் சிரித்தீர்கள். தனுஷ்கோடி போகிற சாலையில் நின்றால் இரண்டு பக்கமும் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. எங்கள் பக்கத்தில் தெற்குக் கடலை ஆண் கடல் என்பார்கள், வடக்குக் கடலைப் பெண் கடல் என்பார்கள். ஆண் கடல் ஆழம், அலை, இரைச்சல். பெண் கடல் ஆழம் குறைவு, குளம் போலக் கிடக்கும். பெயர் வைத்தவர்கள் ஆண்களாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் கதையின் மறுபாதி பெயரில் இல்லை. தென்மேற்குக் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்கு அமைதியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை இறங்கினால் எல்லாம் தலைகீழ். வடக்குக் கடல் ஆளைத் தூக்கி அடிக்கும், தெற்கு தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கிடக்கும். ஒரு வீட்டில் இருவரும் ஒரே நேரத்தில் கோபப்பட்டால் குடும்பம் நடக்காது, இங்கே முறை வைத்துக் கோபப்படுகிறார்கள் என்று என் பெரியம்மா சொல்வார். அவர் சொன்னதை அப்படியே வரைந்தேன். நடுவில் ஒற்றை மணல் திட்டு, இந்தப் பக்கம் மீசை வைத்த கடல், அந்தப் பக்கம் கொண்டை போட்ட கடல். மாதம் மாறினால் படத்தைத் தலைகீழாக மாட்டலாம். அதற்காகவே பின்னால் இரண்டு வளையம் வைத்திருக்கிறேன்.

பெரியம்மா என்று சொல்லிவிட்டேன், அவரைப் பற்றிச் சொல்லாமல் என் படங்களைப் பற்றிப் பேச முடியாது. அவர் பாசி எடுக்கப் போகிறவர். கஞ்சிப் பாசி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று பாசிகளுக்கு அவரிடம் பெயர் உண்டு, விலை உண்டு, எது எந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், முளைக்கும் என்கிற கணக்கும் உண்டு. நோன்பு மாதத்தில் கீழக்கரை வீடுகளில் தட்டில் ஆடுகிற கடல்பாசி இனிப்பு இப்படிப்பட்ட கைகளில்தான் தொடங்குகிறது. அவர் கடலுக்குள் இறங்குகிற கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும். சேலையை வரிந்து கட்டி மேலே ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை. பார் கீறாமல் இருக்க ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகத் துணிச்சுற்று. முகத்தில் முக்குளிக்கும் கண்ணாடி. ரப்பர் செருப்போடு சேர்த்துக் கட்டிய தகடு, அதுதான் அவருடைய துடுப்பு. இடுப்பில் வலைப்பை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார், கை நிறையப் பாசியோடு மேலே வருவார், மறுபடி போவார். ஆக்சிஜன் குழாய் எதுவும் கிடையாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986இல் தேசியப் பூங்கா ஆன பிறகு எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்பதும் பாசி எடுப்பவர்கள் தொழிலில் ஒரு பாடமாகச் சேர்ந்துகொண்டது.

சிறு வயதில் என் வயதுப் பிள்ளைகள் டிவியில் விண்வெளி வீரரைப் பார்த்து வாயைப் பிளந்தபோது எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. கண்ணாடியும் கனத்த காலும் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே காய்ந்துகொண்டிருந்தன.

ஒருநாள் அவர் வந்து, "ஆவுளியா பாத்தேன்டா. பக்கத்துல வந்து ஒரு பார்வை பாத்துச்சு. நான் என் வேலையப் பாத்தேன், அது அதோட வேலையப் பாத்துச்சு" என்றார். கடல் பசுவைத்தான் எங்கள் பக்கம் ஆவுளியா என்போம். நானூறு கிலோவைத் தாண்டியும் வளர்கிற உடம்பு, கடற்புல்தான் சாப்பாடு. மேய்ந்து போன இடத்தில் புல்வெளியில் ஒற்றையடிப் பாதை போட்டது போலத் தடம் விழும். குட்டிக்குப் பால் கொடுக்கும் காம்பு முன்துடுப்பின் அக்குளில் இருக்கும். இந்த விலங்கைப் பார்த்துத்தான் பழைய மாலுமிகள் கடற்கன்னி என்று கதை கட்டினார்கள் என்பார்கள். என்னைக் கேட்டால், கடற்கன்னியை விட ஆவுளியாதான் சுவாரசியம். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை இதற்கென்றே காப்பகமாக அரசு அறிவித்தது. நான் வரைந்த படத்தில் பெரியம்மாவும் ஆவுளியாவும் முதுகைத் திருப்பிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். "ஏன் சார், ரெண்டும் பேசிக்கிற மாதிரி வரைஞ்சிருக்கலாமே" என்று உங்களில் ஒருவர் கேட்டார். பெரியம்மா சொன்னதில் பேச்சு இல்லை, அதனால் படத்திலும் இல்லை.

ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டதையும் சொல்ல வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன கடல் இது. பாம்பனிலிருந்து கிளம்பிய ரயிலை ஆட்களோடு விழுங்கிய கடல். "அதைப் போய் வேடிக்கைப் படமா வரையிறியே" என்றார். அவருக்கு நான் பெரியம்மாவைத்தான் காட்டினேன். தினமும் அதற்குள் இறங்கி மூச்சடக்குகிறவர்தான் அதைக் கேலி செய்கிறார், ஆண் பெண் என்று பெயர் சொல்லி வீட்டுச் சண்டைக்கு இழுக்கிறார். கரையில் நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் கடலைப் பற்றி எப்போதும் கம்பீரமாகப் பேசுவார்கள்.

சரி, என் ஊர்க் கதை போதும். வேறு ஓவியர்களின் மீன்களைக் கொஞ்சம் பார்ப்போம். மார்க் ஷகாலின் ஒரு படத்தில் மீன் பறக்கும், ஃபிடில் வாசிக்கும், சுவர்க் கடிகாரம் அதன் கீழே தொங்கும். அவர் பிறந்த வீடெப்ஸ்க் இன்றைய பெலாரஸில் இருக்கிறது. கடலே இல்லாத நாடு. ஆனால் அவர் அப்பா ஹெர்ரிங் மீன் கிடங்கில் கூலி வேலை பார்த்தவர், உப்பு மீன் பீப்பாய்களைச் சுமந்தவர். அப்பா எதை வாழ்நாள் முழுக்கச் சுமந்தாரோ அதை மகன் கனம் நீக்கிப் பறக்கவிட்டார். விமர்சகர்கள் எப்படி வேண்டுமானாலும் விளக்கட்டும், மீன் தொழில் தெரிந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்தப் படம் சுலபமாகவே புரிந்தது.

மத்தீஸ் 1930இல் தாஹித்திக்குப் போனார். கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலேரியில் முங்கி முங்கிப் பவளத்தையும் மீனையும் பார்த்தார். பெரிதாக எதையும் வரையாமல் ஊர் திரும்பினார். பதினாறு வருடம் கழித்து, 1946இல், பாரிஸ் வீட்டில் உடம்பு முடியாமல் இருந்தபோது சுவரில் இருந்த ஒரு கறை அவர் கண்ணை உறுத்தியது. வெள்ளைத் தாளில் ஒரு தகைவிலான் குருவியை வெட்டி அந்தக் கறை மேல் ஒட்டச் சொன்னார். அதற்குத் துணையாக ஒரு மீன், பிறகு பாசி, பிறகு பவளம். சுவர் நிறைந்தபோது தாஹித்திக் கடல் அங்கே வந்துவிட்டது. ஓஷியானியா என்ற பெயரில் இரண்டு பெரிய தொங்கல்கள் அதிலிருந்து பிறந்தன. பார்த்தது உள்ளே கிடக்கும், எப்போது வெளியே வரும் என்று அதற்கு நாம் தேதி குறிக்க முடியாது. நாற்பது நிமிடப் பீரியடில் படத்தை முடித்துக் கொடு என்று பிள்ளையிடம் கேட்கும்போது எனக்கு மத்தீஸ் ஞாபகம் வருவார்.

நம் ஊரில் கே. ராமானுஜம். கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரை ஓரமாக அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்தவர். பேசத் தடுமாறுவார். பேனாவும் மையும் கொண்டு அரண்மனைகளையும் விசித்திர விலங்குகளையும் வரைந்து, அவற்றுக்கு நடுவே தொப்பி போட்ட தன்னையும் உட்கார வைத்துக்கொண்டார். 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டார். அவர் படங்களை நீங்கள் பிள்ளைகளுக்குக் காட்டியாக வேண்டும். பேசிப் புரியவைக்க முடியாத பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது இருக்கும்.

இனி நிறம். கடல் என்றால் நீலம் என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த நீலம் எது? உங்கள் போஸ்டர் கலர் பெட்டியில் பிரஷ்யன் ப்ளூ புட்டி இருக்கிறதே, அது பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகப் பிறந்த செயற்கை நிறம். அது ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், 1831 வாக்கில், எழுபது வயது ஓவியர் ஹொகுசாய் தன் பேரலைப் படத்தை அச்சிட்டார். பன்னிரண்டு வருடம் கழித்து, இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி ரசாயனம் தடவிய தாளில் கடற்பாசியைப் பரப்பி வெயிலில் வைத்துக் கழுவி எடுத்தார். பாசி வெள்ளையாகவும் மற்றதெல்லாம் நீலமாகவும் விழுந்தது. அந்த நீலமும் வேதியியல்படி இதே பிரஷ்யன் ப்ளூதான். ஆக, அலைக்கும் பாசிக்கும் உலகம் பழகிக்கொண்ட நீலம் கடலிலிருந்து வந்ததே இல்லை, புட்டியிலிருந்து வந்தது. எங்கள் வடக்குக் கடல் கார்த்திகையில் செம்மண் கலங்கலாக இருக்கும். 2019 ஆகஸ்ட் மாதம் ஓர் இரவு சென்னைக் கடற்கரையில் அலை உடைகிற இடமெல்லாம் நீல ஒளி எரிந்தது. நொக்டிலூகா என்ற நுண்ணுயிரின் வேலை. அன்று கரைக்குப் போன பிள்ளை மறுநாள் கறுப்புக் கடலில் விளக்கு எரிவதாக வரைந்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்?

இதை நான் ஊகத்தில் எழுதவில்லை. ஒரு போட்டியில் நடுவர்களோடு உட்கார்ந்திருந்தேன். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கடலுக்குப் பழுப்பு நிறம் அடித்திருந்தாள். அலை நுனியில் மட்டும் பிஸ்கட் நிறத்தில் நுரை. படகின் அணியத்தில் ஒருவர் உட்கார்ந்து தண்ணீரை வாளியில் இறைத்துக்கொண்டிருந்தார். அந்த முதுகின் வளைவை வீட்டில் பார்த்திருக்காவிட்டால் வரைந்திருக்க முடியாது. "கடல் கலர் தெரியல" என்று சொல்லி அந்தத் தாள் ஒதுக்கப்பட்டது. அது கார்த்திகை மாதம். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்திருந்தால் அதே பழுப்பில் கடல் தெரிந்திருக்கும். முதல் பரிசு வாங்கிய படத்தில் இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு, ஓலைக் குடிசை, வாத்து. வரைந்த பையன் ராமேசுவரம் தீவுக்காரன். தீவில் மலை எங்கே இருக்கிறது? இருக்கிற மணல் மேட்டுக்குக் கந்தமாதன பர்வதம் என்று பெயர் வைத்துத் திருப்திப்பட்டுக்கொண்டவர்கள் நாங்கள்.

ஆசிரியர்களே, எது கற்பனை, எது உண்மை என்று இப்போது நீங்களே சொல்லுங்கள். பறக்கும் மீனை வரைந்த பிள்ளை கண்ணால் பார்த்ததை வரைகிறது. இரண்டு மலையை வரைந்த பிள்ளை யாரோ போட்டுக் கொடுத்ததை வரைகிறது. நாம் முன்னதைக் கற்பனை என்று சொல்லிக் குறைத்து மதிப்பிடுகிறோம், பின்னதற்கு இயற்கைக் காட்சி என்று பெயர் சூட்டிக் கோப்பை கொடுக்கிறோம்.

உங்கள் சங்கடம் எனக்குத் தெரியாமல் இல்லை. பகுதி நேரச் சம்பளத்தில் வாரத்துக்கு மூன்று அரை நாள் வருகிறவர்கள் உங்களில் பலர். தேர்வு நெருங்கினால் டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். ஆண்டு விழா மேடைக்குத் திரை எழுதுவதும், பள்ளிச் சுவருக்குத் தலைவர்கள் படம் போடுவதும் உங்கள் தலையில்தான். லோயர், ஹையர் ஓவியத் தேர்வுக்குத் தயார் செய்ய வேண்டும். அந்தப் பயிற்சியை நான் குறைத்தும் பேசமாட்டேன். ஃப்ரீஹேண்ட் அவுட்லைனும் மாடல் டிராயிங்கும் அடித்துத் திருத்தப்பட்ட கைதான் எனக்கு இன்றும் சோறு போடுகிறது. விசித்திரமானதை வரைய அந்தக் கை இன்னும் அதிகமாகவே தேவை. கோலாவின் துடுப்பு நரம்பு பிசகினால் அது பாலத்துக்கு மேலே பறப்பதை யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னொன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். இதை நான் வரையவில்லை, வரைய ஆசை. ஜப்பானில் அமாமி ஒஷிமா தீவையொட்டிய கடலடி மணலில் 1995இல் முக்குளிப்பவர்கள் ஒரு வட்டத்தைக் கண்டார்கள். இரண்டு மீட்டர் அகலம், நடுவிலிருந்து ஆரம் ஆரமாகப் பள்ளமும் மேடும், கச்சிதமான சமச்சீர். யார் போட்டது என்று பல வருடம் யாருக்கும் தெரியவில்லை. பிறகுதான் பிடிபட்டது, ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஆண் பேத்தை மீன் ஒன்று, துடுப்பாலேயே மணலைக் கீறி, ஒரு வாரத்துக்குக் குறையாமல் உழைத்து அதைப் போடுகிறது. மேட்டின் மீது கிளிஞ்சல் துண்டுகளைக் கொண்டுவந்து பதிக்கவும் செய்கிறது. பெண் மீன் வந்து பார்த்து, பிடித்திருந்தால் நடுவில் முட்டையிடும். நம் கரையில் வலையில் ஏறினால் பேத்தை என்று சபித்துத் தூக்கி எறிகிற சாதி மீன் இது. உங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளையாவது மீன் கோலம் போடுகிறது என்று வரைந்து கொண்டுவந்தால், தயவுசெய்து சிவப்புப் பேனாவை எடுத்துவிடாதீர்கள்.

"இப்படி உண்டா?" என்று கேட்பதற்குப் பதில், "இதை எங்கே பார்த்தாய்?" என்று கேளுங்கள். பிள்ளையிடம் பதில் இருந்தால் அந்தப் படத்துக்கு மதிப்பெண் போடுங்கள், நிறமும் அளவும் எப்படி இருந்தாலும். பதில் இல்லாவிட்டால், இரண்டு மலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்புங்கள். கடற்கரைப் பள்ளியென்றால் பத்து நிமிட நடை. மலையடிவாரப் பள்ளியில் வேலை பார்க்கிறவர்கள் மலையையே வரையச் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அங்கேயும் அது முக்கோணமாக இருக்காது.

வருகிற கல்வியாண்டில் மாவட்டப் போட்டிக்குத் தலைப்புக் கேட்பார்கள். "இயற்கைக் காட்சி" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். "எங்கள் வீட்டிலிருந்து நூறடிக்குள்" என்று எழுதிக் கொடுங்கள். நடுவராக ஆள் கிடைக்கவில்லை என்றால் நான் வருகிறேன். பயணப்படி வேண்டாம், மதியச் சாப்பாடு போட்டால் போதும்.

அன்புடன்,
பாம்பன் ஓவியன் ஒருவன்